“வௌிநாடு” பிழையும் பேசாமல் போன தங்கச்சியும்: வெளியில் இருந்து வருபவர்களை எப்படி வைத்துப் பார்க்கிறீர்கள்?

கொண்டாவில்காரன்:

வணக்கம். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பாமினி என்ற பழைய எழுத்துருவில் (ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் உருவங்களைக் காட்டுவது) தட்டிய கோப்புகளை, இப்போது எங்கும் பாவிக்கும் யூனிகோடுக்கு மாற்றும் சின்னக் கருவி ஒன்றை 2016 முதல் வைத்திருக்கிறேன். கோட் பகிரும் கிட்ஹப் தளத்தில் கிடக்கிறது, யாரும் எடுத்து மாற்றக்கூடிய ஜிபிஎல் உரிமம். தொடங்கியது அப்பாவுக்காக. அவர் அச்சகத்தில் பக்கம் கட்டியவர். கல்வெட்டு, கும்பாபிஷேக மலர், பள்ளிக்கூட ஆண்டு மலர் என்று இருபது வருடத்து வேலை முழுக்கப் பேஜ்மேக்கரில் பாமினியாகக் கிடந்தது. (இந்தியாவில் இருந்து வாசிப்பவர்களுக்கு: கல்வெட்டு என்றால் இங்கே கல்லில் வெட்டுவது இல்லை, 31ஆம் நாள் அந்தியேட்டிக்கு வருபவர்களுக்குக் கொடுக்கும் நினைவுப் புத்தகம்.) இப்போது வேறு சில அச்சகங்களும் அதைப் பாவிக்கின்றன. ஆனால் கோட் எழுதியது இவ்வளவு காலமும் நான் ஒருவன்தான்.

இரண்டு மாதத்துக்கு முன் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் கொம்பியூட்டர் சயன்ஸ் படிக்கும் இரண்டாம் வருடப் பிள்ளை ஒருத்தி புல் ரிக்வெஸ்ட் ஒன்று, அதாவது என் கோடில் செய்த மாற்றத்தைச் சேர்க்கச் சொல்லி, அனுப்பினாள். என்னுடைய முக்கியமான ஃபங்ஷன் 140 வரி, முழுக்க இஃப், எல்ஸ். அவள் அதைத் தூக்கிவிட்டு ஓர் அட்டவணையும் இருபது வரியுமாக எழுதியிருந்தாள். நீளமான சேர்க்கையை முதலில் தேடு, கிடைத்தால் மாற்று, அவ்வளவுதான். பார்க்கவே வடிவாக இருந்தது. இரவு பதினொரு மணி, நாலு கோப்பை மாற்றிப் பார்த்தேன், சரியாக வந்தது. மேர்ஜ் பண்ணிவிட்டு (என் கோடோடு சேர்த்துவிட்டு) படுத்துவிட்டேன்.

மூன்றாம் நாள் அச்சகத்தில் இருந்து போன். “தம்பி, புத்தகம் முழுக்க வௌிநாடு எண்டு வந்திருக்கு.” கல்வெட்டு. செத்தவருக்கு ஐந்து பிள்ளைகள், ஐந்தும் வெளிநாடு. அந்தச் சொல் இல்லாத பக்கமே இல்லை. 300 பிரதி அடித்து முடிந்துவிட்டது.

பாமினி தட்டியவர்களுக்கு இது பழகின வியாதி. ஔகாரக் குறியின் வலப்பக்கத் துண்டுக்கும் ளகரத்துக்கும் பாமினியில் ஒரே கீதான். கொம்பு, வகரம், ளகரம் என்று அடுத்தடுத்துத் தட்டினால் அது “வௌ”வா “வெள”வா என்று கோப்பைப் பார்த்துச் சொல்ல முடியாது. அடுத்து வருவதையும் பார்க்க வேண்டும். விசிறியோ (இகரக் குறி) புள்ளியோ வந்தால் அது ளகரம், இல்லையென்றால் பெரும்பாலும் ஔகாரம். என்னுடைய 140 வரியில் பாதி இந்தச் சோலிதான். அவளுடைய அட்டவணை மூன்றையும் ஒன்றாக விழுங்கி “வௌ” என்று கக்கிவிட்டது. செய்தித் தளங்களில் “வௌியீடு”, “வௌிச்சம்” என்று பார்த்திருப்பீர்களே, அதே கூத்து.

நான் அன்றிரவே இருந்து திருத்தி ஏற்றிவிட்டு, அவளுடைய புல் ரிக்வெஸ்டின் கீழே “சரி பண்ணிவிட்டேன்” என்று ஒரு வரி போட்டேன். ஏசவில்லை. ஒரு சொல் கூடக் கடுமையாக எழுதவில்லை. அதற்குப் பிறகு ஆளைக் காணோம். கையில் எடுத்திருந்த இன்னொரு இஷ்யூவையும் (திருத்த வேண்டிய குறை) விட்டுவிட்டாள்.

இப்போது இன்னும் இரண்டு பேர் வாசலில் நிற்கிறார்கள். ஒருவர் மட்டக்களப்புப் பக்கத்து ஆசிரியர், நல்ல தமிழ், கிட் (கோட் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கருவி) என்றால் என்னவென்று தெரியாது. மற்றவர் ரொறொன்ரோ பொறியியலாளர், இரண்டு நல்ல பேட்ச் (திருத்தம்) அனுப்பிவிட்டு, நேரடியாகக் கொமிட் பண்ணும் உரிமை, அதாவது என்னைக் கேட்காமலே கோடை மாற்றும் உரிமை தந்தால் வேலை கெதியாக நடக்கும் என்கிறார். போதாததற்கு ஸ்காபரோவில் இருக்கும் மாமா ஒருவர் “பெடியளுக்குக் குடு” என்று 500 கனேடிய டொலர் அனுப்ப நிற்கிறார்.

உண்மையைச் சொன்னால், ஒருவர் அனுப்பியதைப் பார்த்து, விளங்கப்படுத்தி, திருப்பி அனுப்பி, மறுபடி பார்க்கும் நேரத்தில் நானே மூன்று தரம் எழுதிவிடுவேன். எனக்கு வேலையும் இருக்கிறது, வீட்டில் இரண்டு சின்னதுகளும் இருக்கிறார்கள். நீங்கள் இதை எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

வடலி:

அண்ணா, முதலில் ஒன்று கேட்கிறேன். அந்த 140 வரிக்கு ஒரு டெஸ்டாவது இருந்ததா? “வெளிநாடு” என்று ஒரு சொல்லைக் கொடுத்து “வெளிநாடு” என்றே வருகிறதா என்று பார்க்கும் ஒரு வரி? இருந்திருந்தால் அந்தப் பிள்ளை அனுப்ப முதலே அவளுக்குச் சிவப்பாகக் காட்டியிருக்கும். நீங்கள் எழுதியதை வாசித்தால், கொம்பு, வகரம், ளகரக் கதை உங்கள் தலைக்குள்ளும் அப்பாவின் விரலிலும் மட்டும்தான் இருந்திருக்கிறது. அவள் பிறந்ததே 2000க்குப் பிறகு. போனில் தமிழ் தட்டிப் பழகியவள். பாமினி கீபோர்டை அவள் கண்ணால் கண்டிருப்பாளா?

நான் கற்றுக்கொண்டது டெபியனில், தொண்டர்கள் சேர்ந்து செய்யும் லினக்ஸ் இயங்குதளம் அது. அங்கே வெளியாள் ஒருவர் பொதி (நிறுவத் தயாராகக் கட்டிய மென்பொருள்) கட்டினால் தானே ஏற்ற முடியாது. பொதியை மென்டர்ஸ் தளத்தில் வைத்துவிட்டு, யாராவது ஸ்பொன்சர் பண்ணுங்கள் என்று பக் ரிப்போர்ட் ஒன்று திறக்க வேண்டும். டெபியன் டெவலப்பர் ஒருவர் பார்த்து, திருப்தி என்றால் தன்னுடைய டிஜிட்டல் சாவியால் கையொப்பம் வைத்து ஏற்றுவார். சேஞ்ச்லொக்கில் (மாற்றக் குறிப்பில்) என் பெயர் இருக்கும், கையொப்பம் அவருடையது. உடைந்தால் பதில் சொல்ல வேண்டியவர் அவரும்தான். இங்கே காசு கொடுப்பவரைத்தானே ஸ்பொன்சர் என்போம். அங்கே தன் பெயரை அடகு வைப்பவர் ஸ்பொன்சர். மேர்ஜ் பட்டனை அமத்தியது நீங்கள் அண்ணா. அந்த 300 கல்வெட்டில் பாதி உங்கள் கணக்கு.

என் முதல் பொதி சின்னப் பைதன் லைப்ரரி ஒன்று. ஸ்பொன்சர் ஐரோப்பாவில் எங்கோ இருந்த ஆள், முகம் தெரியாது. ஐந்து தரம் திருப்பி அனுப்பினார். மூன்றாம் தரம் வந்த கடிதத்தில் ஒரே ஒரு கேள்வி: இந்தக் கோப்பைப் பார், இதை எழுதியது இந்த லைப்ரரியின் ஆள்தானா? எனக்குக் கோபம். பொதியைச் சோதிக்கும் லின்டியன் கருவி ஒரு குறையும் சொல்லவில்லை, இவருக்கு என்ன வந்தது? இரண்டு இரவு தேடினேன். அந்தக் கோப்பு இன்னொரு புரொஜெக்டில் இருந்து எடுத்தது, உரிமமே வேறு. கொப்பிரைட் கோப்பில் அதை நான் எழுதவே இல்லை. அவருக்கு அது முதலே தெரியும், அவர் திருத்தினால் இரண்டு நிமிட வேலை. இன்றைக்கும் புதுப் பொதி ஒன்றைத் திறந்தால் என் கை முதலில் போவது உரிமத்தைப் பார்க்கத்தான்.

இன்னொன்று. அது 2022. மார்ச் கடைசியில் 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டியது நினைவிருக்கும். எந்த நேரம் லைட் இருக்கும் என்று அவருக்கு எழுதிவிடுவேன். அதற்கு முதல் அவருடைய பதில் வந்து கிடக்கும். சில நாள் பதில் என்றால் “பார்க்கவில்லை, சனிக்கிழமை பார்ப்பேன்” என்ற ஒரு வரி மட்டும். சனிக்கிழமை பார்ப்பார். அதுதான் என்னை இருத்தியது. பெரிய பாடம் எடுக்கத் தேவையில்லை அண்ணா. உங்களுக்கு வாரத்தில் இரண்டு மணித்தியாலம்தான் என்றால் அதையே சொல்லுங்கள், ஆனால் அந்த இரண்டு மணித்தியாலம் கட்டாயம் இருக்க வேண்டும்.

உரிமை கேட்பவருக்கு: டெபியனில் இதற்கு ஒரு நடுப்படி இருக்கிறது. 2007இல் வாக்கெடுப்பு வைத்து டெபியன் மெயின்டெய்னர் என்று ஒரு நிலையைக் கொண்டுவந்தார்கள். எல்லாவற்றிலும் கை வைக்க முடியாது, உனக்கென்று அனுமதித்த பொதிகளை மட்டும் நீயே ஏற்றலாம். அதற்கும் சும்மா விடமாட்டார்கள். யாராவது உனக்காக எழுதித் தர வேண்டும், நீ நீதான் என்று உன் சாவியில் டெவலப்பர் கையொப்பம் வேண்டும். எனக்குத் தெரிய யாழ்ப்பாணத்தில் கையொப்பம் வைக்க ஆளில்லை. 2023 செப்டெம்பரில் டெபியன்காரர் கூடும் டெப்கொன்ஃப் மாநாடு கொச்சியில் நடந்தபோது, பலாலியில் இருந்து சென்னைக்குப் பறந்து, அங்கிருந்து ரயிலில் போய், பாஸ்போர்ட்டைக் காட்டித்தான் வாங்கினேன். அம்மா கேட்டா, “ஒரு கையெழுத்துக்கே இவ்வளவு தூரம்?” ஓம் அம்மா.

அந்தப் பிள்ளையிடம் வட்ஸ்அப்பில் மன்னிப்புக் கேட்க வேண்டாம். வேலை ஒன்றைக் கொண்டுபோய்க் கொடுங்கள், அந்த ளகர டெஸ்டுகளை அவளே எழுதட்டும். ஆசிரியருக்குக் கிட் படிப்பிக்கவும் வேண்டாம். எக்செலில் சொற்பட்டியல் தரட்டும், கொமிட்டில் அவர் பெயரையும் சேர்த்துவிடுங்கள்.

பழைய கீபோர்ட்:

தங்கச்சி நல்லாச் சொல்லியிருக்கிறா. நான் கொஞ்சம் கசப்பாகச் சொல்கிறேன்.

வருகிற எல்லாரும் இருக்க வருபவர்கள் இல்லை தம்பி. 2020 ஒக்டோபரில், புல் ரிக்வெஸ்ட் அனுப்பினால் ரீசேர்ட் தரும் ஹக்டோபர்ஃபெஸ்டில், அந்த ரீசேர்ட்டுக்காக ரீட்மீ (அறிமுகக் குறிப்பு) கோப்பில் ஒரு சொல்லைச் செருகிச் செருகி அனுப்பினார்களே, மறந்து போச்சா? சமாளிக்க முடியாமல், விரும்பிய புரொஜெக்டுகள் மட்டும் சேரலாம் என்று மாதம் முடிய முதலே விதியை மாற்றினார்கள். எனக்கும் அப்போது பத்துப் பதினைந்து வந்தது. ஒருவன் “யாழ்ப்பாணம்” என்பதை “அருமையான யாழ்ப்பாணம்” என்று திருத்தியிருந்தான். பிழை என்று சொல்லவும் மனம் வரவில்லை.

ரொறொன்ரோக்காரருக்கு இப்போதைக்கு உரிமை கொடுக்காதீர். அவர் தங்கமான மனிதராக இருக்கலாம். எக்ஸ்இசட் என்ற, லினக்ஸில் கோப்பைச் சுருக்கும் கருவியின் கதை தெரியும்தானே? ஜியா டான் என்ற பெயரில் ஓர் ஆள் இரண்டு வருடத்துக்கு மேல் நல்ல பேட்ச்களாக அனுப்பி, நம்பிக்கை பிடித்து, மெயின்டெய்னராகவே (கருவியைப் பொறுப்பெடுத்து நடத்துபவராகவே) ஆகி, பிறகு 5.6.0, 5.6.1 பதிப்புகளில் பின்கதவு (கள்ள வழி) வைத்தார். 2024 மார்ச் 29இல் அன்ட்ரெஸ் பிரொயின்ட் வெளியே சொல்லியிருக்காவிட்டால் அது உலகம் முழுக்கச் சேர்வர்களுக்குள் போயிருக்கும். எஸ்எஸ்எச் லொகின் (தூரத்தில் இருந்து சேர்வருக்குள் நுழைவது) அரை செக்கன் பிந்துகிறதே என்று கிண்டிப் பார்த்துக் கண்டுபிடித்த மனிதர். நான் சொல்ல வந்தது அந்தப் பின்கதவைப் பற்றி இல்லை. அதற்கு முதல் வேறு சில பெயர்களில் வந்து, ஏன் இவ்வளவு சுணக்கம், வேறு ஆளிடம் கொடு என்று மெயின்டெய்னரை நெருக்கினார்களே, அதைப் பற்றி. “உரிமை தந்தால் கெதியாக நடக்கும்” என்று வாசித்ததும் எனக்கு அந்த ஞாபகம்தான் வந்தது.

வடலி:

உரிமை விசயத்தில் ஒத்துக்கொள்கிறேன் ஐயா. ஆனால் அந்த மெயின்டெய்னர் வருடக்கணக்காகத் தனியாக இருந்து களைத்துப்போன மனிதர், அதையும் சேர்த்துச் சொல்லுங்கள். பக்கத்தில் இன்னும் இரண்டு பேர் இருந்து பார்த்திருந்தால் நெருக்கியவர்களுக்கு அவ்வளவு பிடி கிடைத்திருக்காது. கொண்டாவில் அண்ணாவும் இப்போது தனிதான்.

சங்கக்கடை:

ஐசே, கோட் எனக்கு விளங்காது, காசுக் கணக்கு விளங்கும். பழைய மாணவர் சங்கத்துக்குப் பன்னிரண்டு வருடம் பொருளாளர். மாமாவின் 500 டொலரைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

ஒரு பேட்சுக்கு இவ்வளவு என்று கொடுக்காதீர். கொடுத்தால் அடுத்த கிழமை ஒரு வேலையை ஆறு துண்டாக வெட்டிக்கொண்டு வருவார்கள். நானும் வெட்டுவேன். சும்மா செய்கிறவனுக்கும், பக்கத்தில் இருப்பவன் காசு வாங்குகிறான் என்று தெரிந்த அன்றோடு கை ஓடாது. தொடக்கமும் முடிவும் உள்ள ஒரு வேலைக்குக் கொடும்: பழைய ஐம்பது கல்வெட்டுக் கோப்பை மாற்றி, வரி வரியாக மெய்ப்புப் பார்த்துத் தருவதற்கு இவ்வளவு. அதை எல்லாரும் பார்க்கும் இடத்தில் எழுதி வையும், யார் தந்தது, யாருக்குப் போனது, எவ்வளவு மிச்சம் என்று. மாமா பெயர் போட வேண்டாம் என்பார், பிறகு ஏன் போடவில்லை என்று கேட்பார். போட்டுவிடும்.

என் மகள் சொல்லித் தெரிந்தது இது: இப்படிப் பொதுவில் கிடக்கும் மென்பொருள்களில் வேலை பழகும் புதியவர்களுக்கு அவுட்ரீச்சி என்ற திட்டத்தில் மூன்று மாதத்துக்கு 7000 அமெரிக்க டொலர் கொடுக்கிறார்களாம், வருடத்தில் இரண்டு தரம். அதே மாதிரிக் கூகிளின் சமர் ஒஃப் கோட் 2005 முதல் நடக்கிறது. 2022இல் இருந்து மாணவராகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை, 18 வயது முடிந்த புதியவர்களும் போடலாம். அதன் முதல் பத்து வருடத்தில் உலகத்திலேயே அதிகம் பேரை அனுப்பியது எங்கள் மொறட்டுவைப் பல்கலைக்கழகம். உம்முடையது ஒரு ஆள் கருவி, தனியாக உள்ளே போவது கஷ்டம். பைதன் சொஃப்ட்வெயார் ஃபவுண்டேஷன் மாதிரிக் குடை பிடிக்கிற அமைப்புகளுக்குக் கீழே சின்னவர்களும் போகலாமாம். ஆனால் மூன்று மாதம் ஒரு பிள்ளையைப் பொறுப்பெடுத்துப் பார்க்க வேண்டும். ஒரு புல் ரிக்வெஸ்டுக்கே நேரமில்லை என்கிற ஆள் இதில் இப்போது காலை விடாதீர்.

கொண்டாவில்காரன்:

எல்லாருக்கும் நன்றி. வடலி தங்கச்சி கேட்ட கேள்விக்குப் பதில்: டெஸ்ட் ஒன்றும் இருக்கவில்லை. வெட்கம்தான்.

நேற்றுச் சனிக்கிழமை அந்தப் பிள்ளையைத் திருநெல்வேலிச் சந்திக்குப் பக்கத்து ரீக்கடையில் கண்டேன். அவள் ஒரு சிநேகிதியையும் கூட்டி வந்தாள். நான் ஏசத்தான் கூப்பிட்டேன் என்று நினைத்திருக்கிறாள் போல, ரீ ஆறும்வரை வாயே திறக்கவில்லை. பிறகு சொன்னாள், “அண்ணா, நீங்க சரி பண்ணிட்டன் எண்டு போட்டீங்கள். என்ன பிழை எண்டு போடேல்ல. நானும் உங்கட கொமிட்டைப் பார்த்தன். திரும்ப அந்த இஃப் எல்லாத்தையும் போட்டிருக்கிறீங்கள். ஏன் எண்டு விளங்கேல்ல. கேக்கவும் பயமா இருந்தது.”

நான் அப்பாவின் பழைய கீபோர்டைப் பையில் கொண்டு போயிருந்தேன். கீகளில் பாமினி எழுத்து ஸ்டிக்கர், பாதி தேய்ந்து போனது. அவளுடைய லப்டொப்பில் செருகி, பாமினியைப் போட்டு, “வெளிநாடு” தட்டச் சொன்னேன். முதலில் வகரத்தைத் தட்டிவிட்டுக் கொம்பைத் தேடினாள். கொம்பு முதல் வரும் என்று சொன்னேன். கொம்பு, வகரம், ளகரம், விசிறி. சரி, இப்போது “வௌவால்” தட்டு என்றேன். கொம்பு, வகரம், பிறகு கை அப்படியே நின்றது. ஔகாரத்தின் மிச்சத் துண்டைக் கீபோர்ட் முழுக்கத் தேடினாள். கடைசியில் ளகரத்திலேயே விரலை வைத்துவிட்டு என்னைப் பார்த்து, “இதேதானா?” என்று சிரித்தாள். சிநேகிதியும் வாங்கித் தட்டிப் பார்த்தாள். எட்டு வருடமாக அந்த இடத்தில் நான் ஒரு கொமென்ட் எழுதியிருந்தால் இவ்வளவும் தேவையில்லை.

அவளுடைய அட்டவணையைத் திரும்ப எடுக்கிறோம். உண்மையில் அதுதான் நல்ல கோட். ளகரத்துக்குப் பின்னால் வருவதை எட்டிப் பார்க்கும் ஐந்து வரியை அதில் அவளே சேர்க்கிறாள். முதலில் டெஸ்ட். இனி ரிவியூ சனிக்கிழமை காலை மட்டும் என்று ரீட்மீயில் எழுதிவிட்டேன்.

ஆசிரியரின் எக்செல் நேற்றிரவு வந்தது. நான் கேட்டது “வெளி” வரும் சொற்கள். அவர் அதோடு மௌலவி, நௌஷாத், தௌபீக் என்று தன் பள்ளிக்கூட இடாப்பில் உள்ள பெயர்களையும் போட்டு 212 வரி அனுப்பியிருக்கிறார். ஔகாரம் இவ்வளவு புழங்கும் என்று நான் யோசித்ததே இல்லை. என்னுடைய பழைய 140 வரியே அதில் இரண்டு பெயரில் பிழை விடுகிறது.

மாமாவின் காசுக்குச் சங்கக்கடை அண்ணை சொன்ன மாதிரி ஒரு கோப்புத் திறந்துவிட்டேன். முதல் வரி, அச்சகத்தாருக்கு மறுபதிப்புக் கடதாசிக் காசு. அதை மாமாவின் கணக்கில் போடாமல் என் கணக்கில் போட்டேன். ரொறொன்ரோக்காரருக்கு, முதலில் மற்றவர்கள் அனுப்புவதை என்னோடு சேர்ந்து ரிவியூ பண்ணுங்கள், உரிமையைப் பிறகு பார்ப்போம் என்று எழுதினேன். இன்னும் பதில் வரவில்லை.

வடலி:

அந்த இரண்டு பெயரும் என்ன அண்ணா? இஷ்யூவாகப் போட்டுவிடுங்கள், நான் எடுக்கிறேன். இல்லை, பொறுங்கள். அந்தச் சிநேகிதிக்குக் கொடுங்கள்.